அப்பா பெயரில் இருந்த விளையாட்டுகள்

நான் டிஸ்க் வாங்குகிற ஆள். இதில் என்னிடம் மறுபேச்சே கிடையாது. வீட்டில் நெட் நல்ல வேகத்தில் வருகிறது. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கோவில்பட்டியில் என் வீட்டு மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களுக்காக நாள் முழுக்க இங்கிலீஷில் சண்டை போடுகிற வேலை எனக்கு. ஒரு பட்டனை அமுக்கினால் எந்த வீடியோ கேமும் டிவியோடு மாட்டி விளையாடுகிற கன்சோலுக்குள் வந்து இறங்கிவிடும். இருந்தாலும் கூரியர்காரர் வந்து பெட்டியைக் கையில் கொடுத்து, நான் கத்தரிக்கோல் தேடி, உறையைக் கிழித்து, டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து உள்ளே தள்ளினால்தான் அது என்னுடையது என்று எனக்குத் தோன்றும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். இப்போது கூரியர் வந்தால் அவரே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

டிஸ்க் வைத்திருப்பது லேசான காரியம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் காற்றில் கரிசல் புழுதி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். ஷோகேஸில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டுத்தான் வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு என் அம்மா. ஒரு ஆயுத பூஜைக்கு வந்திருந்தவள், வீட்டில் உள்ள அரிவாள்மனையிலிருந்து லேப்டாப் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, என் டிஸ்க்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். படம் போட்ட பக்கம் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருப்பதுதானே நேர்ப் பக்கம் என்று அந்தப் பக்கம் வைத்திருந்தாள். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கிற துணி என்று எல்லாவற்றையும் கொண்டு துடைத்துப் பார்த்தேன். குதிரைப் பந்தய கேம் ஒன்று மட்டும் இன்றைக்கு வரைக்கும் பாதியில் நின்றுவிடுகிறது.

அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது என் தம்பி. "எங் கேமுக்கு ஒருத்தரும் பொட்டு வைக்க முடியாதுக்கா" என்றான்.

தம்பி டவுன்லோடு கட்சி. நாகலாபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். காற்றாலையில் டெக்னீசியன் வேலை. காலையில் கிளம்பினால் குளத்தூர்ப் பக்கம், விளாத்திகுளம் பக்கம் என்று ஏதாவது ஒரு காத்தாடி உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பான். அவன் ஒரு டிஸ்க்கும் வாங்கியதில்லை. எல்லாம் கேம் கம்பெனியின் ஆன்லைன் கணக்கில் இருக்கிறது என்பான். ஆனால் எங்கள் ஊரில் போனில் பேசவே வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். அதனால் புது கேம் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை கன்சோலைத் துண்டில் சுற்றி பைக்கில் வைத்து என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். சினைக்குப் பசுவைக் கொண்டுவந்து கட்டுகிற மாதிரி என் மோடத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, கறிச்சோறு சாப்பிட்டுத் தூங்குவான். சாயங்காலம் இறங்கி முடிந்ததும் தூக்கிக்கொண்டு போவான்.

"கேமை எடுக்க நாப்பது மைலு வாரியே, இதுக்கு ஒரு டிஸ்க் வாங்கலாம்லா?" என்பேன்.

"ஒன் டிஸ்க்குல இப்ப என்னத்தக்கா இருக்கு? பாதி கேம்தான் இருக்கு. மிச்சத்த நீயும் நெட்டுலதான எடுக்க. நீ வச்சிருக்கது வெறும் சாவி. அதுல கீறல் விழுந்தா போச்சு."

இதில் அவன் சொல்வது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் வரும். இப்போது வருகிற டிஸ்க்குகள் பல அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சாவியை நான் பக்கத்துத் தெரு டீச்சருக்கு இரவல் கொடுக்கலாம், திருப்பிக் கேட்கலாம், அவர் தராவிட்டால் சண்டை போடலாம். பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். இவனால் அவன் கணக்கிலிருந்து ஒன்றையாவது எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுக்க முடியுமா? முடியாது. கொடுக்க முடியாத பொருள் எப்படி ஒருத்தருக்குச் சொந்தமாகும் என்பதுதான் என் கட்சி. வருஷக்கணக்காக இதே சண்டை. அம்மாவுக்கு மட்டும் நாங்கள் எதைப் பற்றிக் கத்துகிறோம் என்பதே புரியாது.

இந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்க, போன வருஷம் வீட்டில் வேறொரு பேச்சு வந்தது. தம்பி ஊரில் புது வீடு கட்டப் போகிறான். அதற்கு பேங்க் லோன். எங்களுடையது ஆடு மேய்க்கிற குடும்பம். பட்டி நிறைய ஆடு இருந்த காலத்தில் தாத்தா வாங்கிப் போட்ட கரிசல்காடு ஒன்று இருக்கிறது. மழையை நம்பி உளுந்தோ பருத்தியோ போடுவோம். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ஓடை. அந்தக் காட்டை அடமானம் வைத்துத்தான் லோன். பூர்வீகச் சொத்து என்பதால் எனக்கு அதில் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யார் யாரை எதிலிருந்து விடுதலை செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதே ஒரு கேள்வி இருந்தது.

ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எல்லாரும் போடுகிற கையெழுத்து அது. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி காட்டில் அவளுக்கு என்ன வேலை என்பது பேச்சு. அப்பா என்னிடம் கேட்கக்கூட இல்லை. "பொதங்கிழம பத்திர ஆபீஸுக்கு வந்துரு தாயி" என்று போனில் சொன்னார், அவ்வளவுதான். போனை வைத்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. லீவு சொல்ல வேண்டுமே என்ற கவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியெல்லாம் இல்லை. எனக்கு அந்தக் காடு வேண்டும். கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும் என்று பயம்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் பண்ணினான். குரலே சரியில்லை. "யக்கா, எங் கணக்கு பூட்டிக்கிட்டு. உள்ளயே விட மாட்டேங்குது. நீ கொஞ்சம் ஊருக்கு வா. நீதான் இங்கிலீஷ்ல பேசணும்."

போனேன். விஷயம் இதுதான். எப்போதோ பழைய போன் நம்பரை விட்டுவிட்டான். அந்த நம்பருக்குத்தான் ரகசிய எண் போகிறது. வேறு வழியாக நுழையப் பார்த்ததில் கணக்கை மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், கணக்குக்கு உரியவர் பேச வேண்டும் என்கிறார்கள்.

"பேச வேண்டியதுதான? நீதான உரியவன்" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "இல்லக்கா. அப்ப நான் ஸ்கூல் படிச்சேம்லா. சின்னப் பயலுக்குக் கணக்குக் கெடையாதுன்னுட்டான். அதான் அப்பா பேரப் போட்டுட்டேன்."

அத்தனை வருஷமாக எல்லாம் கணக்கில் இருக்கிறது என்று அவன் பீற்றிக்கொண்ட விளையாட்டுகள் அத்தனையும் அப்பா பெயரில் இருந்தன. நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

அப்பாவை ஆட்டுப் பட்டியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினோம். போன் ஸ்பீக்கரில். மறுமுனையில் ஒரு பெண் நல்ல மரியாதையாகப் பேசினாள். பெயர் கேட்டாள், அப்பா சொன்னார். பிறந்த தேதி கேட்டாள், அப்பா என்னைப் பார்த்தார்.

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் ஆதாரில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். தேதி தெரியாதவர்களுக்கு அப்படி எழுதிவிட்டுப் போனார்கள். வருஷமாவது சரியா என்றால், ஓட்டர் கார்டில் ஒரு வருஷம், ரேஷன் கார்டில் இன்னொரு வயது. ஆதார் தேதியைச் சொன்னேன், தப்பு என்றாள். ஓட்டர் கார்டைப் பார்த்துச் சொன்னேன், அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் கேட்க முடியும் என்றாள்.

"அவிய பொறந்தது பருத்தி வெடிக்கிற மாசம்னு எங்க மாமியா சொல்லுவாவ" என்றாள் அம்மா. அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தம்பிக்கு வேர்த்துவிட்டது. சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து சேர்த்ததெல்லாம் அதில் இருக்கிறது. "ஏலே, அன்னைக்கு என்னத்தப் போட்டே, யோசி" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் காற்றில் எதையோ சுழற்றிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "தேதியும் மாசமும் முதல்லயே ஜனவரி ஒண்ணுன்னு நின்னுச்சு. எல்லாப் பெரியாளுக்கும் அதான்னு நெனச்சு அப்பிடியே விட்டுட்டேன். வருசத்த மட்டும் கீழ தள்ளிக்கிட்டே போனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல, அதுக்கு மேல போகாதுன்னு நின்ன எடத்துல விட்டுட்டேன்."

அந்த வருஷத்தைச் சொன்னேன். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரிதான் மேடம், என்று சொல்லிவிட்டு, சார் நலமாக இருக்கிறாரா என்று அக்கறையாகக் கேட்டாள். கணக்குப்படி என் அப்பாவுக்கு வயது நூறைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. "நல்லாருக்கேம்மா, இப்பதான் ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுட்டு வாரேன்" என்றார் அப்பா தமிழிலேயே. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எதையோ தட்டிச் சரிபார்த்துவிட்டு, கணக்கைத் திறந்துவிட்டேன் என்றாள். தம்பி வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்திருக்கிறது.

"ஏட்டி, அப்ப அதெல்லாம் எஞ் சொத்தா?"

"ஒங்க பேர்லதாம்ப்பா இருக்கு."

"எத்தன உருப்படி கெடக்கு?"

தம்பி சொன்னான். ஒரு சின்னப் பட்டி அளவுக்கு இருந்தது. அப்பா முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்த விளையாட்டுக்காகத் தம்பியை அவர் திட்டாத திட்டு இல்லை. கன்சோலைத் தூக்கி ஓடையில் போட்டுவிடுவேன் என்று எத்தனையோ தடவை சொன்னவர். இப்போது மீசையைத் தடவிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயுந்தான தாயி இத வெளையாடுதே. அவன் மட்டும் வச்சிக்கிட்டா எப்பிடி? பாதி ஒனக்கு. அந்தப் புள்ளகிட்ட கேளு, பாதிய எம் மவ பேருக்கு மாத்திக் குடுக்க என்ன செய்யணும்னு."

பாதி ஒனக்கு. அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், பெருமையில் சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அந்தப் பெண், வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டேன். நாளெல்லாம் அடுத்தவர் பணத்துக்காக இங்கிலீஷ் பேசுகிறவள், என் பங்கை இங்கிலீஷில் கேட்டேன். என் தகப்பனார் இதில் பாதியைத் தன் மகளுக்குக் கொடுக்க விரும்புகிறார், முடியுமா என்று கேட்டேன். அவள் பாடம் ஒப்பிப்பதுபோல் பதில் சொன்னாள். கொடுக்க முடியாது. மாற்ற முடியாது. அவர் காலத்துக்குப் பிறகும் யாருக்கும் போகாது. அவர் வாங்கியது விளையாடுவதற்கான அனுமதிதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நல்லாக் கேளு. நாந்தான குடுக்கேன்? எம்பேர்ல இருக்கத எம் மவளுக்குக் குடுக்க எவன் வேண்டாங்கது?"

"கம்பெனிதாம்ப்பா."

"என்ன எழவுச் சொத்துல இது?" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். "பெத்த பிள்ளைக்கு ஆசையாக் குடுக்கலாம்னா முடியாதாம்லா!"

போனை வைத்துவிட்டேன். தம்பியைக் குத்திக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வருஷக்கணக்கான சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"இதத்தாம்ப்பா குடுக்க முடியாது. குடுக்க முடிஞ்சது ஒண்ணு இருக்குலா."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு அம்மா முந்தானையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தம்பி எழுந்துவிட்டான். அப்பா மட்டும் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்.

"அது நெலம்லா தாயி."

"ஆமாப்பா. நெலந்தான். அதுக்கு எந்தக் கம்பெனிகிட்டயும் கேக்க வேண்டாம். பாதி எனக்குன்னு நீங்க சொன்னா எனக்குத்தான். நான் பொதங்கிழம கையெழுத்துப் போட வரல."

"யக்கா, எனக்கு லோனு..." என்றான் தம்பி.

"ஒம் பாதிய வச்சு வாங்கு."

அப்பா பட்டிக்குப் போய்விட்டார். அம்மாதான் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வந்தபோது, "எங்க வீட்டுல நான் கையெழுத்துப் போட்டதுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்தாவ. அது கிழிஞ்சு கரித்துணியாப் போச்சு" என்றாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு போன் இல்லை. புதன்கிழமை நான் வழக்கம்போல மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கன்சோலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சமைத்த கறி மிஞ்சியது. பயமாக இருந்தது, அழவும் செய்தேன். ஆனால் கேட்டிருக்க வேண்டாமே என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை, விட்டுக்கொடுத்துவிடேன் என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் கூரியர் ஏதும் வந்திருக்கிறதா என்று வாசலுக்குப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். நேராகக் கன்சோலை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் சொருகினான். நான் இலை போட்டேன். அவன் குனிந்த தலையோடு சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு லீவு போடு. அப்பா காட்டுக்கு வரச் சொன்னாவ. கூறு போடணும்."

"யாரு?"

"நீதான் மூத்தவ. நீ போடு. நான் எடுக்கேன்." மூஞ்சியை உம்மென்றுதான் வைத்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கூறு தனக்கு வரும் என்று தெரியாததால் மூத்தவன் நியாயமாகத்தான் போட்டாக வேண்டும். எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பெண்ணை மூத்தவள் என்று சொல்லிக் காட்டுக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் போனேன். மழை பெய்த கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோட்டுப் பக்கத்துக்கு விலை அதிகம், ஓடைப் பக்கம் மண் நல்ல மண். குறுக்கே பிரித்தால் ஒருத்தருக்கு ரோடு போகும், இன்னொருத்தருக்கு ஓடை போகும். அதனால் நெடுக்காகப் பிரித்தேன். இரண்டு பேருக்கும் ரோடு வந்தது, இரண்டு பேருக்கும் ஓடையும் வந்தது. அப்பா எல்லைக்கல்லோடும் கடப்பாரையோடும் என் பின்னாலேயே வந்தார். அன்றைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசவே இல்லை. நடுவில் வந்து நின்றதும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "மூத்தவளே, கல்ல எங்க நட? சொல்லு" என்றார்.

காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினேன். நட்டார். தம்பி இரண்டு பக்கத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, தனக்குக் கிழக்கு என்றான்.

மேற்குக் கூறு என்னுடையது. உளுந்து விதைத்திருக்கிறேன்.